பாட்டு வேகமா, நிதானமா? உங்கள் நாடியைக் கேளுங்கள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'லயம்' என்றால் வீடு. வெள்ளைக்காரத் துரைமார் வரிசையாகக் கட்டிய குடியிருப்பை 'லைன்' என்றார்கள். நம் வாயில் அது லயம் ஆயிற்று. இசை படித்தவரிடம் லயம் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பாட்டு ஓடுகிற ஓட்டம் என்பார். பிறப்பால் இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆனாலும் ஒரு லயத்தில் பத்து வீடு இருந்தால், பத்து வீட்டுக்கும் பத்து விதமான பாட்டின் லயம் உண்டு என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

கோடி வீட்டுத் தாத்தாவுக்குத் தியாகராஜ பாகவதர் காலத்துப் பாட்டு வேண்டும். அவர் பேரனுக்கோ காலைத் தரையில் நிற்க விடாத பாட்டு வேண்டும். "இது பாட்டா, கூச்சலா?" என்பது தாத்தாவின் கேள்வி. "அது பாட்டா, அழுகையா?" என்பது பேரனின் கேள்வி. அந்தக் காலத்தில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு நடந்த இந்தச் சண்டை, இன்று ஆளுக்கொரு கைத்தொலைபேசி வந்த பிறகும் ஓயவில்லை. யார் பக்கம் நியாயம் இருக்கிறது? பாட்டின் வேகத்துக்கும் நம் மனத்துக்கும் என்ன உறவு? அதைத்தான் இக்கட்டுரையில் சற்று ஆராய்ந்து பார்க்கப் போகிறோம்.

மூன்று காலங்கள்

பாட்டின் வேகத்தை நம் முன்னோர் 'காலம்' என்று அழைத்தார்கள். மெதுவாகச் செல்வது விளம்ப காலம். இதைச் சவுக்க காலம் என்றும் சொல்வதுண்டு. நடுத்தரமாகச் செல்வது மத்திம காலம். விரைந்து செல்வது துரித காலம். கோயிலிலோ மன்றத்திலோ பாட்டு வகுப்புக்குப் போகும் உங்கள் பிள்ளையைச் சரளி வரிசை பாடச் சொல்லிக் கேளுங்கள். கை போடும் தாளம் மாறாது. முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சுரம் என்றால், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. சுரமும் அதுதான், தாளமும் அதுதான். ஆனால் முதல் காலத்தில் தியானம் போல் இருந்தது, மூன்றாம் காலத்தில் மழை கொட்டுவது போல் ஆகிவிடும்.

வேகத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள இந்த உறவை நம்மவர்கள் வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம், மேடையில் வசனம் பேசும் முறையைச் சொல்லுமிடத்தில், சோகத்துக்கு விளம்ப லயமும், சிரிப்புக்கும் காதலுக்கும் மத்திம லயமும், வீரம், கோபம், அச்சம் முதலியவற்றுக்குத் துரித லயமும் ஏற்றவை என்கிறது. தமிழ் இலக்கணமும் இதில் பின்தங்கவில்லை. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தொல்காப்பியம் இருபது வகை வண்ணங்களைக் கூறுகிறது. அவற்றுள் தூங்கல் வண்ணமும் உண்டு, உருட்டு வண்ணமும் உண்டு, முடுகு வண்ணமும் உண்டு. பெயரைச் சொன்னாலே ஓட்டம் தெரிகிறதல்லவா?

தொட்டில் கற்றுத் தந்த வேகம்

'தூங்கல்' என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், மெல்ல அசைதல். கண்ணுறங்குவதற்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் சேலைத் தொட்டிலைப் பார்த்தால் போதும்.

லயத்து வீட்டு உத்தரத்தில் தாயின் பழஞ்சேலையைக் கட்டிக் குழந்தையைப் போட்டு ஆட்டுவதை நாம் பார்க்காத நாளுண்டா? அந்தத் தொட்டிலுக்கு ஒரு கணக்கு உண்டு. தொங்கும் பொருள் போய்வரும் நேரத்தை அதன் எடை தீர்மானிப்பதில்லை, தொங்கும் நீளமே தீர்மானிக்கிறது என்று இத்தாலிய அறிஞர் கலிலியோ கண்டு சொன்னார். ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை தொங்கும் தொட்டில் ஒரு முறை போய்வர ஏறத்தாழ இரண்டரை வினாடி முதல் மூன்று வினாடி வரை பிடிக்கும். குழந்தை கொழுத்தாலும் இளைத்தாலும் கணக்கு மாறாது. தாய் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் தொட்டிலை அதன் போக்கில்தான் ஆட்ட முடியும். அவள் பாடும் தாலாட்டும் அந்த ஆட்டத்துக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது. தொட்டில் திரும்பும் இடத்தில் அடி முடிகிறது; அங்கே அவள் மூச்சு வாங்குகிறாள். தாலாட்டு நிதானமாக இருப்பதற்கு யாரும் சட்டம் போடவில்லை. சேலையின் நீளம் போட்ட சட்டம் அது.

பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுவுக்குக் கூட இது எட்டுகிறது. இஸ்த்வான் விங்க்ளர் என்ற ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், உறங்கும் சிசுக்களுக்குத் தாள ஒலியைக் கேட்கச் செய்து மூளையின் அசைவுகளைப் பதிந்தார்கள். தாளத்தில் வரவேண்டிய முக்கிய அடி ஒன்றை விட்டுவிட்டபோது சிசுவின் மூளை அதைக் கண்டுகொண்டது. 2009ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி இது. எழுத்தும் பேச்சும் வருவதற்கு முன்பே நம் உடம்புக்குள் தாளம் வந்துவிடுகிறது.

உடம்பு போடும் தாளம்

இப்போது நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பாட்டு எதுவும் ஒலிக்காத நேரத்தில், மேசையில் விரலால் உங்களுக்கு இதமான வேகத்தில் தட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து வினாடியில் எத்தனை தட்டு என்று இன்னொருவர் எண்ணி, நான்கால் பெருக்கட்டும். அதுவே உங்கள் சொந்த வேகம். பெரியவர்களில் பலருக்கு இது நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது என்ற அளவில் வரும். நாம் சாதாரணமாக நடக்கும்போது எடுத்து வைக்கும் அடிகளும் ஏறத்தாழ இந்தக் கணக்குத்தான்.

வகுப்பில் இந்தச் சோதனையை வைத்தால், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் மரங்கொத்தி போல் தட்டித் தள்ளுவார்கள். வீட்டில் பாட்டியைத் தட்டச் சொன்னால் அவர் ஆற அமரத் தட்டுவார். இது தற்செயல் அன்று. அமெரிக்காவில் டெவின் மெக்காலி என்பவரும் அவர் குழுவினரும் நான்கு வயதுப் பிள்ளைகள் முதல் தொண்ணூற்றைந்து வயது முதியவர் வரை சோதித்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைப் பருவத்தில் விரைவாக இருக்கும் இந்தச் சொந்த வேகம் வயது ஏற ஏற நிதானப்படுகிறது என்பது அவர்கள் கண்டது. அப்படியானால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடக்கும் சண்டையில் பாதி, ரசனையின் சண்டை அன்று, வயதின் சண்டை!

வெளியே ஒலிக்கும் பாட்டு நம் உள்வேகத்தை மாற்றவும் செய்கிறது. 2006ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடன் சேர்ந்தவர்களும் இருபத்து நான்கு பேரை அமர்த்தி, ஆறு வகை இசையைக் கேட்கச் செய்தார்கள். நம் இந்திய ராகமும் அதில் ஒன்று. வேகமான இசை கேட்டபோது மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடின. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த இசை தமக்குப் பிடிக்கும், பிடிக்காது என்பதைக் காட்டிலும் அதன் வேகமே உடம்பை அதிகம் அசைத்தது. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, கேட்கத் தொடங்குமுன் இருந்ததை விடவும் உடம்பு அமைதியடைந்தது. மௌனமும் ஒரு காலம்தான் போலும்!

கடைக்காரர்களுக்கு இந்த இரகசியம் முன்பே தெரியும். அமெரிக்கப் பேரங்காடி ஒன்றில் ரொனால்ட் மில்லிமன் என்பவர் நடத்திய ஆய்வு 1982இல் வெளிவந்தது. மெதுவான இசை ஒலித்த நாட்களில் மக்கள் மெதுவாக நடந்தார்கள். விற்பனை, வேகமான இசை ஒலித்த நாட்களைக் காட்டிலும் நூற்றுக்கு முப்பத்தெட்டு கூடியிருந்தது. அடுத்த முறை சம்பளம் வாங்கிக்கொண்டு பேரங்காடிக்குப் போகும்போது, மேலே என்ன இசை ஒலிக்கிறது என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேகம் என்றால் மகிழ்ச்சிதானா?

வேகமான பாட்டு மகிழ்ச்சி, மெதுவான பாட்டு சோகம் என்று முடித்துவிடலாமா? ஓரளவுக்கு முடிக்கலாம். கனடாவில் 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இந்துஸ்தானி இசையே அறியாத மேல்நாட்டார் முப்பது பேருக்கு அந்த இசையைப் போட்டுக் காட்டினார்கள். மொழியும் தெரியாது, ராகமும் தெரியாது. ஆயினும் இது மகிழ்ச்சிக்குரியது, இது சோகத்துக்குரியது என்று பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். அவர்களுக்குக் கைகொடுத்த அடையாளங்களுள் வேகம் முக்கியமானது. ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரு பாட்டு மகிழ்ச்சியா சோகமா என்று வேகத்தை வைத்தே பிரிக்கிறார்கள் என்றும், சுரங்களின் வேறுபாட்டை வைத்துப் பிரிக்கும் திறன் ஆறு வயதுக்கு மேல்தான் வருகிறது என்றும் 2001இல் வெளிவந்த வேறோர் ஆய்வு காட்டியது.

நம் திரைப்படங்களில் ஒரே பாட்டு மகிழ்ச்சியாக ஒரு முறையும் சோகமாக ஒரு முறையும் வருவதுண்டு. விசுவநாதன் - இராமமூர்த்தி இசையமைத்து 1964இல் வந்த 'புதிய பறவை'யில் இதைக் கேட்கலாம். மெட்டு நமக்கு முன்பே அறிமுகமானது. இரண்டாம் முறை அது வேறு முகத்தோடு வரும்போது நெஞ்சைப் பிசைகிறது.

ஆனால் நம் லயத்து வாசலுக்கு வந்தால் இந்தக் கணக்கு இடறுகிறது. சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அது இழுத்து இழுத்து வருகிறது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் அழுகைக்கு இடம் விட்டுச் செல்கிறது. வெளியிலோ தப்பு அதிர அதிர அடிக்கிறார்கள். கேட்பவர் கால் தானாக அசையும். ஒரே சாவு, ஒரே வீடு, இரண்டு வேகம்! தப்பு அடிப்பவருக்குத் துக்கம் இல்லையா? உண்டு. ஒப்பாரி துக்கத்தை வாய்விட்டுச் சொல்லும் வேகம். தப்பு, போனவரைத் தூக்கிச் செல்லும் தோளுக்கும் காலுக்கும் பலம் தரும் வேகம்.

கல்யாண வீட்டுக்கு வாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழும். நாதசுவரமும் தவிலும் உச்ச வேகத்தில் முழங்கும். அந்தக் கணத்தில் பெண்ணைப் பெற்ற தாய் அழுதுகொண்டிருப்பாள். மேளத்தின் வேகம் அவளுக்குச் சிரிப்பையா தந்தது? நெஞ்சில் இருந்ததைப் பெரிதாக்கித் தந்தது.

பத்துமலையிலும் இதைப் பார்க்கிறோம். தைப்பூசத்தன்று காவடி எடுத்து வருபவரைச் சுற்றி உறுமி முழங்குகிறது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் ஒலி புலி உறுமுவதைப் போல் நீண்டு வரும். மறு முகத்தில் அடி விரைந்து விழும். நிதானமும் வேகமும் ஒரே கருவிக்குள் குடியிருக்கின்றன. சுமையோடு 272 படிகள் ஏறும் காலுக்கு அந்த வேகம் துணை. இறைவனிடம் போன மனத்துக்கு அந்த உறுமல் துணை. காவடி சுமந்து நெடுந்தூரம் நடப்பவர்களுக்கென்றே சிந்து என்ற பாட்டு வகையும் தமிழில் வளர்ந்திருக்கிறது. 1865இல் பிறந்து இருபத்தாறு வயதுக்குள் மறைந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன் மீது பாடிய காவடிச்சிந்தால் இன்றும் வாழ்கிறார்.

ஆகவே வேகம் என்பது விளக்கின் திரியைப் போன்றது. திரியை ஏற்றினால் வெளிச்சம் கூடும், இறக்கினால் குறையும். அந்த வெளிச்சத்தில் நாம் காண்பது கல்யாணமா, சாவா, சாமியா என்பதைத் திரி தீர்மானிப்பதில்லை. நம் நெஞ்சும் நேரமும் தீர்மானிக்கின்றன.

பிடித்த வேகம் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

வயது ஒரு காரணம் என்று கண்டோம். தொழில் இன்னொரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்நாட்டில் ரப்பரை முதன்முதலில் வியாபாரப் பயிராக நட்ட தோட்டங்களுள் ஒன்றான இஞ்ச் கென்னத் தோட்டம் நம் காஜாங்கில் தோன்றியதுதான். கின்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களில் அங்கே ரப்பர் நட்டார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், பால்வெட்டுக்காரர் இருட்டிலேயே நிரைக்குப் போய் மரத்துக்கு மரம் விரைந்தார். பிறகு பால் மங்கில் சொட்டும் வரை காத்திருந்தார். விரைவும் காத்திருப்புமாக அவர் நாள் ஓடியது. காஜாங் வட்டாரத்தில் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 2017 முதல் காஜாங்கிலிருந்து எம்.ஆர்.டி. ரயிலே ஓடுகிறது. அந்தப் பால்வெட்டுக்காரரின் பேத்தி தொழிற்சாலையில் இயந்திரத்தின் வேகத்துக்குக் கை ஓட்டுகிறாள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்து திரும்பும் அவள் ஒரு நாள் துள்ளல் பாட்டைக் கேட்டுச் சோர்வைத் துரத்துகிறாள். இன்னொரு நாள் மெல்லிய பாட்டைக் கேட்டுக் கண்ணை மூடுகிறாள். ஒரே ஆள்தான், நேரம்தான் வேறு.

பெரும் வித்துவான்களிடமும் இந்த வேறுபாடு உண்டு. ஜி. என். பாலசுப்பிரமணியம் (1910–1965) விரைந்து பொழியும் பிருகாக்களால் புகழ் பெற்றார். அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967) மத்திம காலத்தின் விறுவிறுப்பால் கச்சேரியைக் கட்டி நிறுத்தினார். டைகர் வரதாச்சாரியாரின் மாணவரான எம். டி. ராமநாதனோ (1923–1984) ஆழ்ந்த குரலில், யாரும் துணியாத அளவு மெதுவாகப் பாடினார். தூக்கம் வருகிறது என்று எழுந்து போனவரும் உண்டு. அந்த நிதானத்தில் கரைந்து கண்ணீர் விட்டவரும் உண்டு. மூவரும் பாடியது ஒரே கர்நாடக இசை. இவர்களுள் யாரைத் தள்ள முடியும்?

வீட்டில் என்ன செய்யலாம்?

படித்தது பயன்பட வேண்டுமல்லவா? வாசகர்கள் தங்கள் வீட்டில் செய்து பார்க்கச் சில யோசனைகள்.

படுக்கப் போகும் நேரத்தில் பிள்ளைகளுக்குத் துள்ளல் பாட்டும் காணொளியும் காட்டாதீர்கள். துடிப்பைக் கூட்டிவிட்டு, "ஏன் இன்னும் தூங்கவில்லை?" என்று அதட்டுவதில் பொருளில்லை. பெருக்கிக் கூட்டவும், துணி துவைக்கவும், பள்ளிக்குப் புறப்படவும் விறுவிறுப்பான பாட்டு நல்ல துணை.

மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வேலைக்குப் போகும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. இஸ்ரேலில் வாரன் பிராட்ஸ்கி என்பவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைக் கார் ஓட்டுவது போன்ற கருவியில் அமர்த்திப் பலவித வேகங்களில் இசையை ஒலிக்கச் செய்தார். இசையின் வேகம் கூடக் கூட வண்டியின் வேகமும் கூடியது. சிவப்பு விளக்கை மீறுவது போன்ற தவறுகளும் பெருகின. பாட்டு வேகமாக இருக்கட்டும், தம்பிகளே. ஆனால் அது வீட்டு வாசலில் இறங்கிய பிறகு இருக்கட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரன் கேட்கும் பாட்டைக் கூச்சல் என்று தள்ளுமுன், நம் தப்பும் உறுமியும் கெட்டிமேளமும் எந்த வேகத்தில் ஒலிக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். அவன் இரத்தத்துக்கு அந்த வேகம் பொருந்துகிறது. இளையவர்களும், தாத்தா கேட்கும் பாட்டு ஊர்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் விரல் நாற்காலிக் கையில் தட்டுவதைக் கவனியுங்கள். பாட்டு அவருக்குச் சரியான வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை அவர் பாட்டை அவரோடு அமர்ந்து முழுதாகக் கேளுங்கள். அவரும் உங்கள் பாட்டில் ஒன்றைக் கேட்கட்டும்.

இறுதியாக ஒன்று. வேகமான பாட்டுக்கு ஆதரவு தேட வேண்டியதில்லை. வானொலியும் கைத்தொலைபேசியும் அதை நாள் முழுதும் கொண்டுவந்து கொட்டுகின்றன. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அப்படி யாருமில்லை. நம் பாட்டிமார் பாடியவற்றில் பல எந்த ஏட்டிலும் ஏறாதவை. சொற்களையாவது ஒருவர் எழுதி வைத்துவிடலாம். எங்கே இழுத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள் என்பதை எழுத்தில் வைக்க முடியாது. அது அவர்களோடு போய்விடும். உங்கள் வீட்டில் பாட்டு தெரிந்த பாட்டி ஒருவர் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் அருகில் உட்காருங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் காலத்திலேயே பாடட்டும்.